சென்றியில் நின்ற மூவர்

கடந்த நாற்பது வருட காலத்து ஈழத் தமிழ்க் கவிதையிலும் சிறுகதையிலும் அதிகம் எழுதப்பட்ட இடம் எது என்று யாரும் கேட்டால் நான் தயங்காமல் சென்றி என்றுதான் சொல்வேன். வயலும் வாவியும் கடலும் கோயிலும் பள்ளிவாசலும் அதற்குப் பின்னால்தான் வருகின்றன. மண்மூட்டை, தகரப் பீப்பாய், முட்கம்பி, அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் விரல்கள், விளங்காத மொழியில் ஒரு கேள்வி, பஸ்ஸை விட்டு இறங்கிப் பையைச் சுமந்தபடி நடக்கும் வரிசை. வெலிக்கந்தை, மன்னம்பிட்டி, ஓமந்தை என்று பெயர்களைச் சொன்னாலே போதும். இவற்றைக் கடந்து வந்த வாசகருக்கு அடிக்குறிப்புத் தேவையில்லை.

ஆனால் இந்த எழுத்துக்களை ஒருசேர வைத்து வாசிக்கும்போது ஒரு விடயம் துருத்திக்கொண்டு நிற்கிறது. சென்றியில் அவமானம் இருக்கிறது, காத்திருப்பு இருக்கிறது, வெயில் இருக்கிறது, காணாமற்போதலும் இருக்கிறது. அதே இடத்தில் நடந்த இன்னொரு நிகழ்வு மட்டும் மிக அரிதாகவே வருகிறது. வரிசையில் நம்மைப் போலவே நின்ற ஒருவர், தன்னைச் சோதிக்க வந்த படையினனோடு சேர்ந்து வெடித்துச் சிதறுகின்ற அந்தக் கணத்தைத்தான் சொல்கிறேன். எமது கவிதைகளில் குண்டு பெரும்பாலும் கவிதை தொடங்குவதற்கு முன்பே வெடித்துவிடுகிறது. புகையும் செருப்பும் இரத்தமும் எஞ்சியிருக்கின்றன. யார் வெடித்தார், யார் மேல் வெடித்தார், பின்னால் நின்றவர் யார் என்ற மூன்று கேள்விகளும் கவிதைக்கு வெளியே விடப்படுகின்றன.

பயம்தான் காரணம் என்று சொல்லலாம். யுத்தகாலத்தில் அது உண்மையும்கூட. ஒரு பக்கம் அரசு, மறுபக்கம் இயக்கம். இரண்டுக்கும் வாசகர்கள் இருந்தார்கள், அவர்கள் நல்ல வாசகர்கள் அல்லர். ஆனால் 2009 மே மாதத்தோடு அந்த யுத்தம் முடிந்தது. அதற்கு முன்னரும் இரு துப்பாக்கிகளுக்கும் எட்டாத தூரத்தில், பாரிஸிலும் ரொறொன்ரோவிலும் இருந்து எழுதியவர்கள் இருந்தார்கள். ஆகவே பயம் ஒரு பகுதிக் காரணம் மட்டுமே. அந்த நிகழ்வில் ஒரு நேரத்தில் ஒரு ஆளை மட்டும் பார்ப்பதற்கு எமது மொழி பழகிவிட்டது என்பதே பெரிய காரணம் என்று எனக்குப் படுகிறது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

முதலில் நிகழ்வுகளை நேரே வைத்துக்கொள்வோம். 1987 ஜூலை 5ஆம் திகதி நெல்லியடி மத்திய மகா வித்தியாலயத்தில் இருந்த இராணுவ முகாமுக்குள் வெடிமருந்து ஏற்றிய லொறியைச் செலுத்தியவர் மில்லர். விடுதலைப் புலிகளின் முதல் தற்கொலைத் தாக்குதல் அதுவே. அந்தத் திகதியே பின்னர் கரும்புலிகள் நாளாகியது. அந்தத் தாக்குதல், என்னதான் சொன்னாலும், பாசறையை நோக்கிச் சென்ற ஒரு வாகனம். பழைய போர்க்கதைகளின் இலக்கணத்துக்குள் அதை ஒருவாறு அடக்கிவிடலாம். லொறியும் பின்னர் கைவிடப்படவில்லை. 2006 ஒக்டோபர் 16ஆம் திகதி ஹபரணைக்கு அருகே திகம்பத்தனையில், விடுமுறையில் போகவும் விடுமுறை முடிந்து திரும்பவும் பஸ்களில் இருந்த கடற்படையினர் மீது ஒரு லொறி மோதி வெடித்ததில் நூறு பேரளவில் இறந்தார்கள். ஆனால் இலக்கியத்துக்கு வேறொரு சிக்கலைத் தந்தது லொறியல்ல, உடல்.

2006 ஏப்ரல் 25ஆம் திகதி கொழும்பில் இராணுவத் தலைமையகத்துக்குள் நுழைந்த பெண் ஒரு கர்ப்பிணியின் தோற்றத்தில் வந்தார். 2007 நவம்பர் 28ஆம் திகதி நாரஹேன்பிட்டியில் அமைச்சர் டக்ளஸ் தேவானந்தாவின் அலுவலகத்தில் வெடித்தவர் கால் ஊனமான ஒரு பெண். 2009 பெப்ரவரி 9ஆம் திகதி விசுவமடுவில், வன்னியிலிருந்து தப்பி வந்த மக்களைச் சோதித்து உள்ளே எடுத்துக்கொண்டிருந்த இடத்தில், அந்த மக்களோடு மக்களாக வந்த ஒரு பெண் வெடித்தார். அரசு அன்று கொடுத்த கணக்கின்படி இருபத்தெட்டுப் பேர் இறந்தனர். அதில் படையினர் கூட, இடம்பெயர்ந்து வந்த பொதுமக்களும் இருந்தார்கள்.

இம்மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். கர்ப்பிணி, ஊனமுற்றவர், அகதி. எந்தச் சமூகத்திலும் சோதனை இல்லாமல் விடப்பட வேண்டியவர்கள் என்று மனிதர்கள் ஒப்புக்கொண்டிருக்கும் மூன்று உடல்கள். அவை ஆயுதமானபோது படையினன் ஒருவன் இறந்தான் என்பதோடு விடயம் முடியவில்லை. அடுத்த நாள் காலையில் அதே வரிசையில் உண்மையான வயிற்றுப் பிள்ளையோடு ஒருத்தி நின்றாள். அவளுடைய வயிறு இப்போது ஒரு கேள்வி. ஊன்றுகோல் ஒரு கேள்வி. துணிமூட்டை ஒரு கேள்வி. 2007 ஜூன் மாதத்தில் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழர்கள், பாதுகாப்புக் காரணம் என்று சொல்லப்பட்டு, இரவோடிரவாக பஸ்களில் ஏற்றி வடக்கு கிழக்குக்கு அனுப்பப்பட்டார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்டுத்தான் அதை நிறுத்தியது. அந்த அநீதியைச் செய்தது அரசு. அதன் பொறுப்பு அரசினுடையது. ஆனால் அந்த அநீதிக்கான சாட்டு வரிசையில் நின்ற ஓர் உடலில் இருந்து எடுக்கப்பட்டது என்பதையும் நாம் சொல்லத்தான் வேண்டும்.

ஆகவே சென்றித் தாக்குதல் என்பது இருவருக்கு இடையில் நடக்கும் சம்பவமல்ல. சுமந்து வந்தவர், சோதித்தவர், பின்னால் நின்றவர் என்று மூவர் அங்கே இருக்கிறார்கள். இந்த மூவரையும் ஒரே சட்டகத்துக்குள் நிறுத்திய படைப்பு எது என்ற கேள்வியை வைத்துக்கொண்டே இனி வாசிக்க விரும்புகிறேன்.

சொற்களிலிருந்து தொடங்கலாம். அரச பத்திரிகைகள் 'தற்கொலைக் குண்டுதாரி' என்று எழுதின. இயக்கம் 'கரும்புலி' என்றது, 'தற்கொடை' என்றது, 'உயிராயுதம்' என்றது. ஒரு எழுத்தை மாற்றி, கொலையைக் கொடையாக்கிய சொல் தமிழில்தான் கிடைத்தது. அதன் கவித்துவ வலிமையை நான் மறுக்கவில்லை. அந்த வலிமையே எனக்குப் பிரச்சினை. கொடை என்றால் பெறுபவர் ஒருவர் வேண்டும். இங்கே பெறுபவர் யார்? இனம் என்றார்கள், மண் என்றார்கள். உண்மையில் அதை முதலில் பெற்றுக்கொண்டவன் சென்றியில் நின்ற அந்தப் பொடியன். அவன் அந்தச் சொல்லுக்குள் எங்குமே இல்லை. குண்டுதாரி என்ற சொல்லிலும் அவன் இல்லை. இரு தரப்புச் சொற்களும் சுமந்து வந்தவரைப் பற்றியே பேசுகின்றன. இறந்த படையினனுக்குச் சிங்களத்தில் 'ரணவிரு' என்ற பட்டம் இருந்தது. தமிழில் அவனுக்கு 'ஆமிக்காரன்' என்ற சொல்லும் ஓர் எண்ணிக்கையும் மட்டுமே கிடைத்தன. ரணவிரு என்பதும் முகமல்ல. அது சுவரொட்டியில் ஒட்டுவதற்கான சொல்.

சுமந்து வந்தவரை மையமாக்கிய படைப்புக்களில் பரவலாக அறியப்பட்டது சந்தோஷ் சிவனின் 'த டெரரிஸ்ட்' (1998). தமிழில் பேசும் படம். மல்லி என்ற பத்தொன்பது வயதுப் பெண் ஒரு தலைவரைக் கொல்வதற்குத் தெரிவுசெய்யப்படுகிறாள். தான் கருவுற்றிருப்பதை அறிகிறாள். கடைசிக் கணத்தில் விசையை அழுத்தினாளா இல்லையா என்பதைச் சொல்லாமல் படம் முடிகிறது. ஆயிஷா தார்கரின் முகத்தை இவ்வளவு அருகில் வைத்துப் பார்க்கும் கமெரா தமிழில் அபூர்வம். மழை, வியர்வை, கண் எல்லாம் இருக்கின்றன. ஆனால் அந்த அருகாமையே படத்தின் எல்லையும் ஆகிறது. கொல்லப்பட இருப்பவருக்கு ஒரு முகம் கிடைப்பதில்லை. மாலை போட வரிசையில் நிற்கும் மற்றவர்கள் வெறும் கூட்டம். வெடிக்கலாமா வேண்டாமா என்று மல்லி யோசிப்பதற்குக் காரணம் அவளுடைய வயிற்றில் உள்ள உயிர்தான். எதிரே நிற்பவரின் உயிரல்ல. நாட்டின் பெயரைக்கூடச் சொல்லாத அந்தப் படம் அரசியலிலிருந்து தப்பித்துக்கொண்டது என்று அப்போது குறை சொன்னார்கள். எனக்கு அதைவிடப் பெரிய குறை, அது மற்ற இருவரிடமிருந்தும் தப்பித்துக்கொண்டது என்பதுதான்.

மைக்கேல் ஒண்டாச்சியின் 'அனில்ஸ் கோஸ்ட்' (2000) இதற்கு நேரெதிரான வழியில் போகிறது. நாவலின் இறுதிப் பகுதியில் கொழும்புத் தெருவில் ஜனாதிபதி கட்டுகல தற்கொலைக் குண்டால் கொல்லப்படுகிறார். கட்டுகல கற்பனைப் பாத்திரம். ஆயினும் 1993 மே தினத்தில் கொல்லப்பட்ட ஜனாதிபதி பிரேமதாசவை நினைக்காமல் அந்தப் பக்கங்களை வாசிக்க எம்மால் முடியாது. அங்கே கொலையாளிக்கு முழுப்பெயர்கூட இல்லை. ஓர் ஆங்கில எழுத்தும் ஒரு கோடும் மட்டுமே. உடலில் என்ன கட்டப்பட்டிருந்தது என்பதை நாவல் நுணுக்கமாகச் சொல்கிறது. அந்த உடலுக்குள் யார் இருந்தார் என்பதைச் சொல்லவில்லை. அதன்பின் ஆனந்த என்ற சிற்பி, புதிதாகக் கட்டப்பட்ட புத்தர் சிலைக்குக் கண் திறக்கிறான். மிக அழகான முடிவு என்று உலகெங்கும் பாராட்டினார்கள். அழகானதுதான். ஆனால் சிலைக்குக் கண் திறக்கும் சடங்கில், சற்று முன்னர் தெருவில் இறந்தவர்கள் பின்னணிக்குப் போய்விடுகிறார்கள். அதுவரை எலும்புக்கூடு ஒன்றுக்குப் பெயர் தேடி அலைந்த நாவல், உயிரோடு நடந்து வந்த ஒருவருக்குப் பெயர் கொடுக்க விரும்பவில்லை. இந்த முரணை எம்மவரின் விமர்சனம் போதிய அளவு பேசவில்லை.

நோர்வே இயக்குநர் பியாத்தே ஆர்னெஸ்தாத் எடுத்த 'மை டோட்டர் த டெரரிஸ்ட்' (2007) என்ற ஆவணப்படம் கரும்புலிப் பயிற்சி பெற்ற இரண்டு பெண்களைப் பின்தொடர்ந்தது. அனுக் அருட்பிரகாசத்தின் 'எ பாஸேஜ் நோர்த்' (2021) நாவலில் கிருஷன் அந்தப் படத்தைப் பார்க்கும் பகுதி நீண்டது, நுட்பமானது. அவ்விரு பெண்களுக்கும் இடையில் இருந்த நட்பை அந்த நாவல் மிகுந்த அக்கறையோடு வாசிக்கிறது. ஆனால் எனக்கு அந்த ஆவணப்படத்தில் முக்கியமாகப் படுவது அதன் தலைப்பே. 'என் மகள்' என்று சொல்லும் குரல் ஒரு தாயினுடையது. வெடிமருந்து அங்கி அணியத் தயாராகும் மகளைப் பற்றிப் பேசும் தாய், அந்த மூவரில் மூன்றாமவர். எமது மண்ணில் ரஞ்சகுமார் 'கோசலை' என்ற சிறுகதையில் இயக்கத்துக்குப் போகும் பிள்ளைகளின் தாயை எழுதியது 1980களில். கரும்புலியைப் பற்றிய கதையல்ல அது. ஆனாலும் போகின்றவரைப் பின்னால் நிற்பவரின் கண்ணால் பார்க்க முடியும் என்பதை அந்தக் கதை அப்போதே செய்து காட்டிவிட்டது. 'மோகவாசல்' தொகுதிக்குப் பின்வந்தவர்கள் அந்த வழியைத் தொடர்ந்திருந்தால் எமது யுத்த இலக்கியத்தின் முகம் வேறாக இருந்திருக்கும்.

படையினர் நேரடியாக இலக்காகும் படைப்பென்று சொல்ல எனக்கு நினைவுக்கு வருவது எமது நாட்டுப் படைப்பல்ல. ஹனி அபூ அஸாதின் 'பரடைஸ் நவ்' (2005). நப்லுஸ் நகரத்து இரண்டு மெக்கானிக்குகள், ஸயீத், காலித். இறுதி வாக்குமூலத்தை ஒளிப்பதிவு செய்கிறார்கள். கமெரா வேலை செய்யவில்லை. மறுபடியும் முதலில் இருந்து பேசச் சொல்கிறார்கள். சுற்றி நிற்பவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். தியாகத்தின் மொழியை இவ்வளவு அமைதியாகக் கழற்றி வைத்த காட்சி வேறெங்கும் நான் கண்டதில்லை. அதே நேரம் ஆக்கிரமிப்பின் கொடுமையைப் படம் ஒரு கணமும் குறைத்துக் காட்டவில்லை. ஸயீத் ஒரு பஸ்ஸில் குழந்தையைக் கண்டு ஏறாமல் விடுகிறான். கடைசியில் அவன் அமர்ந்திருக்கும் பஸ்ஸில் படையினர் நிறைந்திருக்கிறார்கள், அவனுடைய கண்கள், பின் வெண்மை. அந்தப் படையினர் சிரித்துப் பேசும் இளைஞர்கள் என்பதைக் கமெரா பார்க்கிறது. ஒரு பலஸ்தீனக் கலைஞன் அதைப் பார்க்கத் துணிந்தான். அதனால் பலஸ்தீனத்தின் நியாயம் ஒரு அங்குலமும் குறைந்துவிடவில்லை.

இங்கேதான் தவறாமல் எழும் ஓர் எதிர்ப்பைச் சந்திக்க வேண்டும். சென்றியில் நின்ற படையினனின் முகத்தை நாம் ஏன் எழுத வேண்டும், அவன் அங்கே என்ன செய்தான் என்பது மறந்துவிட்டதா என்று கேட்பார்கள். மறக்க முடியாது. 1996 செப்டெம்பரில் பரீட்சை எழுதிவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்த கிருஷாந்தி குமாரசாமி தடுத்து நிறுத்தப்பட்டது செம்மணிச் சோதனைச் சாவடியில்தான். அவரைத் தேடிப் போன தாயும் தம்பியும் அயலவரும் திரும்பி வரவில்லை. 1998இல் நீதிமன்றம் படையினரைக் குற்றவாளிகளாகக் கண்டது. அந்த வழக்கில்தான் செம்மணிப் புதைகுழிகள் பற்றிய தகவல் வெளியே வந்தது. 2025இல் அதே செம்மணியில் மீண்டும் எலும்புக்கூடுகள் தோண்டி எடுக்கப்பட்டன. சென்றி என்ற இடம் எமது இலக்கியத்தில் பெற்ற இருள் கற்பனையில் பிறந்ததல்ல.

ஆனால் இந்த எதிர்ப்பு ஒரு விடயத்தைக் குழப்புகிறது. செம்மணியின் குற்றவாளிகளை நீதிமன்றம் பெயர் சொல்லி, ஆள் ஆளாகக் கண்டது. குற்றத்துக்கு முகம் வேண்டும் என்பதால்தான் அப்படிச் செய்ய முடிந்தது. 'ஆமிக்காரன்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எல்லோரையும் போட்டுவிட்டால் குற்றவாளியும் அந்தச் சொல்லுக்குள் பத்திரமாக ஒளிந்துகொள்வான். முகத்தை எழுதுவது மன்னிப்பதற்காக அல்ல. யாரை மன்னிக்கவே முடியாது என்று தெரிந்துகொள்வதற்கும் முகம் வேண்டும்.

அந்த முகத்தைச் சிங்களக் கலைஞர் சிலர் தங்கள் பக்கத்திலிருந்து எழுதினார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர' (1997) படத்தில், கண் தெரியாத முதியவர் வன்னிஹாமியின் மகன் சீல் வைத்த பெட்டியில் வருகிறான். ஊர் அழுகிறது, நட்டஈட்டுப் படிவத்தில் கையொப்பமிடச் சொல்கிறது, தகப்பன் நம்ப மறுக்கிறார். கடைசியில் பெட்டியைத் தோண்டித் திறந்தால் உள்ளே கல்லும் வாழைத்தண்டும். வறுமையினால் படையில் சேர்ந்த கிராமத்துப் பிள்ளைகளைப் பற்றியும், அவர்களுடைய பிணத்தைக்கூட ஒழுங்காகத் திருப்பிக் கொடுக்காத ஓர் அரசைப் பற்றியும் பேசிய அந்தப் படத்தை 2000ஆம் ஆண்டில் அரசு திரையிட விடவில்லை. 2001இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பின் பிறகே அது வெளியானது. ரணவிரு என்ற சுவரொட்டிக்குப் பின்னால் ஒரு வெற்றுப் பெட்டி இருந்தது என்பதைச் சொன்ன படத்தை யார் தடுக்க விரும்பினார்கள் என்பது கவனிக்கத்தக்கது. இரு தரப்பு அதிகாரங்களும் படையினனின் முகத்தை விரும்பவில்லை. அரசுக்கு அவன் சிலையாக வேண்டும். இயக்கத்துக்கு அவன் எண்ணிக்கையாக வேண்டும்.

இனி மூன்றாமவர். இங்கே நான் முஸ்லிம் எழுத்தாளர்களாகிய எம்மைப் பற்றியே பேச வேண்டும். 'மூன்றாவது மனிதன்' என்று ஒரு சஞ்சிகைக்கே எம்மிடையே பெயர் இருந்தது. அது நல்ல காரியங்கள் பலவற்றைச் செய்த சஞ்சிகை. அந்தப் பெயர் ஒரு நிலைப்பாட்டையும் சொன்னது. துப்பாக்கி எம்முடையதல்ல, இரு துப்பாக்கிகளுக்கும் நடுவில் நிற்கிறோம். 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் கொல்லப்பட்டவர்கள், ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டவர்கள், சென்றியில் தமிழ் பேசியதால் சந்தேகத்துக்குள்ளானவர்கள் என்று எமது எழுத்துக்கு நியாயமான துயரங்கள் இருந்தன. 2009 மார்ச் 10ஆம் திகதி அக்குரஸ்ஸ, கொடபிட்டியவில் மீலாத் ஊர்வலத்தில் தற்கொலைக் குண்டு வெடித்துப் பதினான்கு பேர் இறந்தபோதும் நாம் மூன்றாமவராகவே இருந்தோம்.

2019 ஏப்ரல் 21ஆம் திகதி அந்த இடம் எம்மிடமிருந்து பறிபோனது. தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் இருநூற்று அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றவர்கள் எமது பெயர்களை உடையவர்கள். எமது தமிழைப் பேசியவர்கள். ஐந்து நாட்களின் பின், ஏப்ரல் 26ஆம் திகதி, சாய்ந்தமருதில் ஒரு வீட்டைப் படையினர் நெருங்கியபோது உள்ளே இருந்தவர்கள் வெடித்தார்கள். குழந்தைகளும் உள்ளே இருந்தார்கள். எமது நவீன கவிதையின் தாயகம் என்று நாம் பெருமையோடு சொல்லும் அந்தக் கல்முனைக் கரையில்தான் இது நடந்தது. நெல்லியடியும் விசுவமடுவும் இனிமேல் வேறு யாருடையதோ கதை என்று வாசிக்கும் வசதி எமக்கு இல்லை.

இதற்குப் பிறகு வந்த எமது எழுத்தில் பெரும்பகுதி இரண்டு வகைப்பட்டது என்று நினைக்கிறேன். ஒன்று, 'அவர்கள் நாமல்ல' என்ற மறுப்பு. மற்றது, 'எங்களுக்கு என்ன நடந்தது பாருங்கள்' என்ற முறையீடு. 2019 மே மாதத்தில் குருநாகல், புத்தளம், மினுவாங்கொடைப் பக்கங்களில் எரிக்கப்பட்ட கடைகளும் வீடுகளும், வீதியில் அவமானப்படுத்தப்பட்ட எமது பெண்களின் உடையும் முறையீட்டுக்கு நியாயம் தருகின்றன. கர்ப்பிணியின் வயிறு போல, அபாயாவும் வரிசையில் ஒரு கேள்வியாக நின்றது. ஆனால் மறுப்பும் முறையீடும் அறிக்கையின் வேலை; கதையின் வேலை அவற்றுக்குப் பின்னர்தான் தொடங்குகிறது. சாய்ந்தமருது வீட்டுக்குள் இருந்த ஒரு குழந்தை அன்று மாலை என்ன கேட்டிருக்கும் என்பதை அறிக்கை எழுதாது.

ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். காத்தான்குடியில் ஒவ்வோராண்டும் ஓகஸ்ட் 3ஆம் திகதியை ஷுஹதாக்கள் தினமாக நினைவுகூருகிறார்கள். அங்கே ஷஹீத் என்றால் ஸுஜூதில் இருந்தபோது முதுகில் சுடப்பட்டவர், யாரையும் கொல்லாதவர், சிறுவர்களும் அவர்களுள் இருந்தார்கள். 2019இல் வெடித்தவர்களும் அதே சொல்லைத் தமக்குச் சூட்டிக்கொண்டார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கியவன் அதே ஊரில் பிறந்தவன். 'தற்கொடை' என்ற சொல் தமிழுக்குச் செய்ததை இந்தத் திருட்டு எமது வழக்குக்குச் செய்தது. அந்தச் சொல்லைத் திரும்பப் பெறுவது உலமாக்களின் பணி மட்டுமல்ல. ஒரு சொல்லுக்குள் யார் இருந்தார்கள், யார் நுழைந்தார்கள் என்று காட்டுவது எழுத்தாளரின் தொழில். அந்தக் கதை இன்னும் எழுதப்படாமல் கிடக்கிறது.

ஏன் எழுதப்படவில்லை என்பதற்கு இப்போது ஒரு புதுக் காரணமும் சேர்ந்துவிட்டது. அஹ்னாப் ஜஸீம் என்ற இளம் கவிஞர் 2017இல் 'நவரசம்' என்ற கவிதைத் தொகுதியை வெளியிட்டார். 2020 மே மாதத்தில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் கைதுசெய்யப்பட்டார். தீவிரவாதத்தைப் பரப்புகிறார் என்பது குற்றச்சாட்டு. அந்தத் தொகுதியும் அதற்குச் சான்றாக எடுக்கப்பட்டது. ஒன்றரை வருடத்துக்கு மேல் அடைக்கப்பட்டு, 2021 டிசெம்பரில் பிணையில் வந்தார். பின்னர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அந்தத் தொகுதியில் தீவிரவாதத்தைக் கண்டிக்கும் கவிதைகளே இருந்தன என்பதைத் தமிழ் தெரிந்தவர்கள் எடுத்துச் சொன்னார்கள். மொழி தெரியாதவர்கள் மொழிபெயர்ப்பை வைத்து, கவிதைக்குள் பேசும் குரலைக் கவிஞரின் வாக்குமூலமாக வாசித்தார்கள். இதை நான் வெறும் மனித உரிமை மீறலாக மட்டும் பார்க்கவில்லை. இது ஒரு இலக்கிய விமர்சனப் பிழையும்கூட. மோசமான விமர்சனத்தால் ஒரு மனிதனைச் சிறையில் வைக்க முடியும் என்பதை எமது நாடு நிரூபித்தது.

ஆனால் அதே பிழையை எமது வாசகர் மன்றங்களிலும் காண்கிறேன். குண்டைச் சுமந்து வந்தவரின் மனதுக்குள் ஒரு கதை நுழைந்தால் 'நியாயப்படுத்துகிறான்' என்கிறோம். சோதித்த படையினனின் தாயை ஒரு கதை எழுதினால் 'காட்டிக்கொடுக்கிறான்' என்கிறோம். குரலையும் ஆசிரியரையும் வேறுபடுத்தத் தெரியாத வாசிப்பு காக்கிச் சட்டை போட்டு வந்தாலும் வேட்டி, சாரம் கட்டி வந்தாலும் ஒன்றுதான். அப்படியான வாசிப்புக்கு நடுவில் எந்தப் புத்தியுள்ள எழுத்தாளரும் சென்றியில் அந்தக் கணத்தை எழுத முன்வர மாட்டார்.

மூவரையும் சம அளவில் நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. அது தராசுக் கடைக்காரரின் வேலை. வெடித்தவரும் வெடிப்பில் இறந்தவரும் ஒன்றல்ல. ஆக்கிரமிப்பின் துப்பாக்கியும் அதன் முன்னால் நின்ற வெறுங்கையும் ஒன்றல்ல. ஒருவரைப் பற்றி எழுதும்போது மற்ற இருவரும் அங்கே நிற்கிறார்கள் என்பதை எழுத்து மறவாதிருக்க வேண்டும் என்பதே எனது கோரிக்கை. மல்லியைப் பற்றிய படத்தில் மாலையோடு நிற்கும் ஒரு கிழவிக்கு ஒரு நிமிடம் கிடைத்திருந்தால் போதும். கரும்புலியைப் பற்றிய ஒரு பாடலில், பொலன்னறுவைப் பக்கத்து ஒரு வீட்டில் கடிதத்துக்குக் காத்திருக்கும் தகப்பன் ஒரு வரியில் வந்திருந்தால் அந்தப் பாடலை மேடையில் பாடியிருக்க முடியாது. அது பாட முடியாமல் போகும் அந்த இடத்தில்தான் இலக்கியம் பிரசாரத்திலிருந்து பிரிகிறது.

இந்தச் சஞ்சிகைக்குக் கதை அனுப்பும் இளையவர்களுக்கு ஒரு வார்த்தை. கரும்புலிகளில் முந்நூறுக்கும் மேற்பட்டவர்களை இயக்கமே பெயரோடு பட்டியலிட்டது. பெயர் வெளிவராதவர்கள் வேறு. இறந்த படையினரின் பெயர்களைக் கிராமத்துப் பஸ் தரிப்பிடங்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். வரிசையில் பின்னால் நின்று இறந்தவர்களுக்கும், இறக்காமல் அடுத்த நாளும் அதே வரிசைக்கு வந்தவர்களுக்கும் எங்கேயும் பட்டியல் இல்லை. அவர்கள் தமிழில்தான் பேசினார்கள். அவர்களுடைய கதையை எழுதுவதற்கு இந்த மொழியில் இருப்பவர்கள் நீங்கள்தான்.